ஆங்கில இலக்கணப் பெயர்கள்: எவ்வளவு தெரிந்தால் போதும், ஏன் தெரிய வேண்டும்?

ஒருவர் கேட்டிருந்தார்: "டிகிரி முடித்துவிட்டேன். ஆங்கிலம் படித்தால் புரிகிறது, ஓரளவு பேசவும் வருகிறது. ஆனால் நவுன், வெர்ப், டென்ஸ், ப்ரிப்பொசிஷன் என்று யாராவது ஆரம்பித்தால் தலை சுற்றுகிறது. இந்தப் பெயர்களையெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டுமா? சொல்வது புரிந்தால் போதாதா, கிராமர் எதற்கு?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நேரில் பேசும்போது சொல்வது புரிந்தால் போதும். எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்துவிடும். மறுபடி சொல்லலாம், கையைக் காட்டி விளக்கலாம். எழுத்தில் அந்த வசதி கிடையாது. நீங்கள் எழுதியதை யாரோ ஒருவர், எங்கேயோ உட்கார்ந்து, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது படிக்கிறார். அவர் கையில் இருப்பது அந்த வாக்கியம் மட்டும்தான்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் தங்களுக்கு ஓவர்டைம் பணம் தர வேண்டும் என்று கேட்டார்கள். அந்த மாநிலச் சட்டப்படி, கெட்டுப்போகக்கூடிய உணவுப் பொருள்கள் சார்ந்த சில வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது. அந்த வேலைகளின் பட்டியல் சட்டத்தில் இப்படி இருந்தது: 'கேனிங், ப்ராசஸிங், ப்ரிசர்விங், ஃப்ரீஸிங், ட்ரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்'. கடைசியில் இருக்கும் 'ஷிப்மெண்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் கமா இல்லை.

கமா இல்லாததால் இரண்டு விதமாகப் படிக்கலாம். பேக்கிங் ஒரு வேலை, டிஸ்ட்ரிப்யூஷன் இன்னொரு வேலை என்று படித்தால், சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓட்டுநர்களுக்கு ஓவர்டைம் இல்லை. அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பேக் செய்வது என்ற ஒரே வேலையாகப் படித்தால், ஓட்டுநர்கள் எதையும் பேக் செய்வதில்லை. அவர்களுக்கு ஓவர்டைம் உண்டு.

எல்லோரும் கமாவைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஓட்டுநர்கள் தரப்பு எடுத்துக் காட்டிய இன்னொரு விஷயம். பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடிகின்றன: கேனிங், ட்ரையிங், ஸ்டோரிங், பேக்கிங். ஆங்கிலத்தில் இதற்கு ஜெரண்ட் என்று பெயர். தமிழில் நமக்குத் தெரிந்த தொழிற்பெயர்தான்: உலர்த்துதல், சேமித்தல், கட்டுதல். ஆனால் ஷிப்மெண்ட், டிஸ்ட்ரிப்யூஷன் இரண்டும் அப்படி முடியவில்லை, சாதாரணப் பெயர்ச்சொற்கள். இரண்டும் ஒரே ஜாதி என்பதால் இரண்டும் 'ஃபார்' என்ற ஒரே சொல்லின் கீழ் வருகின்றன, எனவே டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலை இல்லை என்பது அவர்கள் வாதம். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வாசகம் தெளிவாக இல்லை, தெளிவில்லாத இடத்தில் தொழிலாளர்களுக்குச் சாதகமாகத்தான் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2018-இல் நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது. மாநிலச் சட்டமன்றம் பிறகு அந்த வாசகத்தைத் திருத்தி எழுதியபோது வேலைகளுக்கு நடுவே அரைப்புள்ளி போட்டதோடு நிற்கவில்லை. டிஸ்ட்ரிப்யூஷனை 'டிஸ்ட்ரிப்யூட்டிங்' என்று மாற்றியது. சட்டம் எழுதியவர்களே அதையும் ஜெரண்டாக்கிவிட்டார்கள்.

நமக்கு அவ்வளவு பெரிய வழக்கு வராது என்று நினைக்கலாம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். காலி செய்யும்போது 'த ஓனர் ஷால் ரிட்டர்ன் த அட்வான்ஸ்' என்று இருந்தால் ஓனர் திருப்பித் தந்தே ஆக வேண்டும். அந்த 'ஷால்' இருக்கும் இடத்தில் 'மே' இருந்தால், தரலாம், தராமலும் போகலாம் என்று வாதம் செய்ய அவருக்கு வழி கிடைத்துவிடும். கையெழுத்துப் போடும் முன்பு அந்த ஒரு சொல்லைக் கவனிக்கிற கண் வேண்டும். அந்தக் கண்ணைத் தருவது இலக்கணம்தான்.

சரி, இப்போது பெயர்களுக்கு வருவோம்.

பள்ளியில் நவுன் என்றால் ஆள், இடம், பொருளின் பெயர், வெர்ப் என்றால் செயல் என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 'புக்' எந்த வகை? புத்தகம், ஆகவே நவுன் என்று சொல்வோம். ஆனால் 'ஐ புக்ட் எ டிக்கெட்' என்றால் அதே சொல் வெர்ப். 'வாட்டர்' தண்ணீர், 'ஐ வாட்டர் த பிளாண்ட்ஸ்' என்னும்போது தண்ணீர் ஊற்றுவது. தமிழில் ஒரு பெயரை வினையாக்க வேண்டுமானால் 'புக் பண்ணினேன்' என்று ஒரு வினையைத் துணைக்குச் சேர்ப்போம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை வினை நிற்கும் இடத்தில் வைத்தாலே போதும். எனவே ஒரு சொல்லைத் தனியாக வைத்துக்கொண்டு இது என்ன வகை என்று கேட்பதில் பயனில்லை. இந்த வாக்கியத்தில் இது என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். இலக்கணப் பெயர்கள் எல்லாமே வேலைகளின் பெயர்கள்.

அந்த வேலைகள் உங்களுக்குப் புதிதும் இல்லை. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று தமிழ் வகுப்பில் படித்ததுதான் சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட். பெயர்ச்சொல் நவுன், அதற்குப் பதிலாக வரும் நான், நீ, அவன் எல்லாம் ப்ரொநவுன். 'நல்ல பையன்' என்பதில் வரும் 'நல்ல' அட்ஜெக்டிவ். 'வேகமாக ஓடினான்' என்பதில் 'வேகமாக' அட்வெர்ப். சொல்லையோ வாக்கியத்தையோ இணைக்கும் 'அண்ட்', 'பட்', 'பிகாஸ்' கன்ஜங்ஷன். இவற்றில் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவதில்லை. தடுமாறுவது தமிழ் ஒரு வேலையை ஒரு விதமாகவும் ஆங்கிலம் அதையே வேறு விதமாகவும் செய்யும் சில இடங்களில். அந்த இடங்களை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான பிழைகள் போய்விடும். அவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில் சொல் வரிசை. 'ஆசிரியர் மாணவனைக் கூப்பிட்டார்', 'மாணவனை ஆசிரியர் கூப்பிட்டார்'. எப்படி மாற்றிப் போட்டாலும் கூப்பிட்டவர் ஆசிரியர்தான். காரணம் 'மாணவனை' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐ என்ற வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் 'த டீச்சர் கால்ட் த ஸ்டூடண்ட்' என்பதை மாற்றி 'த ஸ்டூடண்ட் கால்ட் த டீச்சர்' என்றால் கதையே தலைகீழ். நாம் உருபை வைத்துக் காட்டுவதை ஆங்கிலம் இடத்தை வைத்துக் காட்டுகிறது. வெர்ப்புக்கு முன்னால் நிற்பது சப்ஜெக்ட், பின்னால் நிற்பது ஆப்ஜெக்ட்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் வேற்றுமை விகுதிகள் இருந்தன. 'த' என்ற சின்னச் சொல்கூட வேற்றுமைக்கு ஏற்ப மாறியது. காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. அவை செய்த வேலையைச் சொல் வரிசையும் 'இன்', 'ஆன்' போன்ற ப்ரிப்பொசிஷன்களும் ஏற்றுக்கொண்டன. பழைய வேற்றுமைகளின் மிச்சத்தை இன்றைக்கும் பார்க்கலாம்: 'ஐ – மீ', 'ஹீ – ஹிம்'. 'ராமாஸ் ஹவுஸ்' என்பதில் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியும் அந்தக் காலத்து ஆறாம் வேற்றுமையின் மிச்சம்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். 'வந்தேன்' என்று ஒரே சொல்லில் நிறுத்தினால் தமிழில் முழு வாக்கியம். வந்தது நான் என்பதைக் கடைசியில் வரும் 'ஏன்' என்ற விகுதி சொல்லிவிடுகிறது. 'கேம்' என்று நிறுத்தினால் ஆங்கிலத்தில் யார் வந்தார்கள் என்றே தெரியாது. அதனால் 'வா', 'போ' போன்ற ஏவல்களைத் தவிர மற்ற எங்கும் ஆங்கிலத்தில் சப்ஜெக்டை விடக்கூடாது. சொல்ல ஒரு சப்ஜெக்ட் இல்லாத இடத்தில்கூட ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். 'இட் இஸ் ரெய்னிங்' என்பதில் அந்த 'இட்' எதையும் குறிக்கவில்லை. காலி இடத்தை நிரப்ப வந்தது. தமிழர்கள் அவசரத்தில் 'இஸ் ரெய்னிங்' என்று எழுதிவிடுவது நம் மொழியின் பழக்கத்தால் வருகிறது.

வெர்ப்பையும் அப்படி விடக்கூடாது. 'அவர் டாக்டர்' என்பது தமிழில் நிறைவான வாக்கியம். ஆங்கிலத்தில் 'ஹீ இஸ் எ டாக்டர்' என்று 'இஸ்' வேண்டும். அதே போல நிகழ்காலத்தில் ஹீ, ஷி, இட் வந்தால் வெர்ப்பில் ஒரு 'ஸ்' சேர்க்க வேண்டும்: 'ஹீ வொர்க்ஸ்'. நான், நீ, அவன், அவள், அது, அவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் விகுதி மாற்றிப் பேசுகிற நமக்கு இந்த ஒரு 'ஸ்' பெரிய விஷயமே இல்லை. ஆனால் விட்டுப்போவது இதுதான் அதிகம்.

அடுத்தது டென்ஸ். டென்ஸ் பன்னிரண்டு என்று அட்டவணை போட்டுப் படித்திருப்பீர்கள். அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு வினைத்தொடரில் காலத்தை ஒரு சொல்தான் காட்டும், அது முதல் சொல்.

'ஹீ வென்ட்' என்பதில் வெர்ப் ஒன்றுதான், அதுவே இறந்தகாலத்தைக் காட்டுகிறது. 'ஹீ டிட் நாட் கோ' என்பதில் முன்னால் 'டிட்' வந்து காலத்தைக் காட்டிவிட்டது. ஆகவே 'கோ' வெறுமனே நிற்கும். 'டிட் நாட் வென்ட்' என்று எழுதினால் காலத்தை இரண்டு தடவை சொன்னதாகிவிடும். இப்படி முன்னால் வந்து உதவும் சொல்தான் ஆக்சிலரி வெர்ப், தமிழில் துணைவினை. தமிழிலும் நாம் 'போகவில்லை' என்றுதானே சொல்கிறோம், 'போனான் இல்லை' என்று சொல்வதில்லையே. எதிர்மறை வந்ததும் 'போ' என்ற வினை காலத்தையும் ஆளையும் கழற்றிவிட்டு 'போக' என்று நிற்கிறது. 'டிட் நாட் கோ'விலும் அதேதான் நடக்கிறது. 'கேன்', 'மே', 'ஷால்', 'மஸ்ட்' போன்றவற்றுக்குப் பின்னாலும் வெர்ப் வெறுமனேதான் நிற்கும்.

கேள்வி கேட்பதும் இதே விதியில் அடங்கிவிடுகிறது. நாம் 'வந்தான்' என்பதில் ஓர் ஆகாரத்தைச் சேர்த்து 'வந்தானா' என்போம். ஆங்கிலத்தில் அந்த முதல் துணைவினையைத் தூக்கி சப்ஜெக்டுக்கு முன்னால் வைக்க வேண்டும். 'ஷி இஸ் கமிங்' என்பது 'இஸ் ஷி கமிங்' ஆகும். துணைவினை இல்லாத வாக்கியமாக இருந்தால் 'டூ', 'டஸ்', 'டிட்' மூன்றில் ஒன்று வந்து அந்த வேலையைச் செய்யும்.

டென்ஸில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது விண்ணப்பங்களிலும் நேர்முகத் தேர்விலும் அர்த்தத்தையே மாற்றிவிடுகிறது. 'ஐ லிவ்ட் இன் சென்னை ஃபார் டென் இயர்ஸ்' என்றால் பத்து வருஷம் சென்னையில் இருந்தேன், இப்போது இல்லை. 'ஐ ஹாவ் லிவ்ட் இன் சென்னை ஃபார் டென் இயர்ஸ்' என்றால் பத்து வருஷமாக இருக்கிறேன், இன்னும் அங்கேதான். இந்த 'ஹாவ்' வரும் வடிவத்துக்கு ப்ரசன்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர். பெயரிலேயே ப்ரசன்ட் இருக்கிறது பாருங்கள்; நடந்தது பழைய விஷயமானாலும் பேச்சு இன்றைய நிலையைப் பற்றியது. அதனால்தான் 'யெஸ்டர்டே' போன்ற முடிந்துபோன நேரத்தோடு இது சேராது. 'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்பது நம் 'நேற்றே பார்த்திருக்கிறேனே' என்பதிலிருந்து வரும் பிழை. தமிழுக்கு அது இயல்பு, ஆங்கிலத்துக்கு ஒத்துவராது. '2019-லிருந்து இங்கே வேலை செய்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019' என்று எழுதுவதும் அப்படித்தான். 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்' என்று இருக்க வேண்டும்.

ஆர்ட்டிகிள் என்ற 'எ', 'அன்', 'த' மூன்றும்தான் கடினம் என்று பலர் சொல்கிறார்கள். தமிழில் அப்படி ஒன்று இல்லை என்றும் சொல்வார்கள். என் பார்வையில் அது பாதிதான் சரி. 'புத்தகம் வாங்கினேன்' என்று ஒருவர் சொன்னால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்று சொன்னால் உடனே நம் மனது, எந்தப் புத்தகம் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. முதலாவது 'எ புக்', இரண்டாவது 'த புக்'. அந்த ஐ உருபைப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்காமலே நாம் தினமும் சரியாக முடிவெடுக்கிறோம். அதே உணர்வை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் போதும். கேட்பவருக்கு எது என்று தெரியுமா? தெரியும் என்றால் 'த'. தெரியாது, ஒன்றே ஒன்று என்றால் 'எ'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஊர்ப் பெயர், நதிப் பெயர் என்று தனி வழக்கங்கள் இருக்கின்றன. ஆனால் தினசரி எழுத்தில் பெரும்பகுதியை இந்த ஒரு கேள்வியால் சமாளித்துவிடலாம்.

'எ'வுக்கும் 'அன்'னுக்கும் உள்ள வித்தியாசம் ஒருவுக்கும் ஓருக்கும் உள்ள வித்தியாசமேதான். உயிரெழுத்துக்கு முன்னால் ஓர் ஊர், மெய்யொலிக்கு முன்னால் ஒரு வீடு. ஆங்கிலத்திலும் எழுதும் எழுத்தைப் பார்க்கக்கூடாது, காதில் விழும் ஒலியைப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் சந்தேகமே வராது. எம்எல்ஏ என்பது 'எ'வில் தொடங்குகிறது, ஆகவே 'அன் எம்எல்ஏ'. யூனிவர்சிட்டி 'யூ'வில் தொடங்குகிறது, ய் மெய். ஆகவே 'எ யூனிவர்சிட்டி'.

ப்ரிப்பொசிஷன் என்பது நம் வேற்றுமை உருபும் சொல்லுருபும் செய்யும் வேலையைச் செய்வது. நாம் பின்னால் ஒட்டுவோம், 'மேசைமேல்'; அவர்கள் முன்னால் வைப்பார்கள், 'ஆன் த டேபிள்'. எந்தச் சொல்லுக்கு எது என்பதற்கு விதி தேடினால் ஓரளவுக்கு மேல் கிடைக்காது. மணிக்கு 'அட்', கிழமைக்கு 'ஆன்', மாதத்துக்கும் வருஷத்துக்கும் 'இன்' என்பதுபோல் சில உண்டு. மற்றதெல்லாம் படித்துப் படித்துப் பழக வேண்டியது. ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன்: 'டிஸ்கஸ் அபௌட்'. 'டிஸ்கஸ்' என்பது செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும் வினை. 'வி டிஸ்கஸ்ட் த ப்ராப்ளம்' என்றால் போதும், நடுவில் 'அபௌட்' வேண்டாம். தமிழில் 'பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம்' என்று சொல்லிப் பழகியதால் அந்தப் 'பற்றி' ஆங்கிலத்துக்கும் கூடவே வந்துவிடுகிறது.

இலக்கணம் என்ற பெயரில் சொல்லப்படும் எல்லாவற்றையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தை ப்ரிப்பொசிஷனில் முடிக்கக்கூடாது என்று ஒரு விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1672-இல் கவிஞர் ஜான் டிரைடன் இதைக் குறையாகச் சொன்னார். பிறகு லத்தீனை அளவுகோலாக வைத்து ஆங்கிலத்தை அளந்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' என்று கேட்காத ஆங்கிலேயர் இல்லை. மொழியைப் பேசுபவர்கள் எல்லோரும் காலகாலமாக ஒரு மாதிரி பேசினால் அதுதான் அந்த மொழியின் இலக்கணம். இப்படிப்பட்ட விதிகளுக்குப் பயந்து எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

எப்படிப் பழகுவது? தனியாகப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. உங்கள் போனில் வங்கியிலிருந்து வந்த மெசேஜ் இருக்கும். 'யுவர் அக்கவுண்ட் ஹாஸ் பீன் டெபிட்டட் ஃபார் ரூபீஸ் 5,000 ஆன் 12 மார்ச்' என்று வைத்துக்கொள்வோம். முதலில் காலம் காட்டும் சொல்லைத் தேடுங்கள்: 'ஹாஸ்'. வினைத்தொடர் முழுவதும் 'ஹாஸ் பீன் டெபிட்டட்'. அதற்கு முன்னால் நிற்கும் சப்ஜெக்ட் 'யுவர் அக்கவுண்ட்'. இப்போது ஒரு கேள்வி: அக்கவுண்ட் எதையாவது செய்ததா, அதற்கு ஏதாவது செய்யப்பட்டதா? 'பீன்' வந்து பின்னால் 'டெபிட்டட்' நிற்பதால், செய்யப்பட்டது. இதுதான் பாசிவ் வாய்ஸ், நம் செயப்பாட்டுவினை. செய்தவர் யார் என்று வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் 'பை' என்ற சொல்லோடு வந்திருக்கும். வங்கியே ஏதாவது கட்டணமாக எடுத்துக்கொண்டதா, நீங்கள் கொடுத்த செக்கா, வேறு யாராவதா? வாக்கியம் அதைச் சொல்லவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால், கஸ்டமர் கேருக்கு போன் போட்டு என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 'யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் பீன் ரிஜெக்டட்' என்று வரும் கடிதத்துக்கும் இதே கேள்விதான்: நிராகரித்தவர் யார், எந்த அதிகாரி? அந்தப் பதில் தெரிந்தால்தான் யாரிடம் மேல்முறையீடு செய்வது என்று முடிவு செய்ய முடியும்.

ஒரு நாளைக்கு இப்படி இரண்டு வாக்கியம் பிரித்துப் பாருங்கள். சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட், துணைவினை, ஆர்ட்டிகிள், ப்ரிப்பொசிஷன், செய்வினை செயப்பாட்டுவினை: இவ்வளவு பெயர்கள் போதும். இவை கைக்கு வந்த பிறகு க்ளாஸ் (clause), கண்டிஷனல், ஜெரண்ட், பார்ட்டிசிபிள் எல்லாம் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.